இறங்குதுறையும் இராத்தங்கலும்

அயலூர்ப் பிரயாணம் என்றதும் நம் மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "துறையில் நம்மை அழைத்துப் போக யார் வருவார்?" என்பது ஒன்று. "இரவு எங்கே படுப்பது?" என்பது மற்றொன்று. ஜெராம், புக்கிட் ரோத்தான், காப்பார் வட்டாரங்களிலிருந்து சென்னைக்குப் புறப்படும் எந்தக் குடும்பத்திலும் இவ்விரண்டையும் இன்றுங் கேட்கலாம். இவை புதிய கேள்விகளல்ல. பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளிலும் பாட்டியார் இவற்றையே கேட்டிருப்பார். அன்று அவருக்குக் கிடைத்த விடையும் நாம் இன்று சொல்லிக்கொள்ளும் விடையும் ஒன்றே: "நம்ம ஊர் ஆள் ஒருவர் வருவார், பயமில்லை." இந்த விடையை நம்பி நம் மக்கள் கண்ட பலன் யாது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் தாய்நாட்டின் பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னரால் 1802இல் ஏற்படுத்தப்பட்டது. இத்தகைய சத்திரங்களில் நடைபெறும் பணியை விளக்கி அம்மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவர்க்கும் உணவுண்டு என்றும், நோயாளிகளுக்கு வைத்தியமும் கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பும் குழந்தைகளுக்குப் பாலும் உண்டு என்றும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதவரைக் கூவியழைத்துச் சோறிடுவது வழக்கமென்றும் அதிற் கூறுகின்றார். படிக்கும்போதே நெஞ்சு குளிர்கின்றது. சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் பண்டமுமாகக் கொடுக்கப்படும் என்ற குறிப்பும் அக்கடிதத்திலேயே உண்டு. யாருடைய ஆசாரத்தைக் காப்பதற்காக அந்த ஏற்பாடு என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சத்திரத்தின் சிறப்பு இதுதான்: வந்தவன் யாரையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அவன் கைப்பணம் கேட்கப்படுவதில்லை. ஆனால் அவன் சாதி கேட்கப்பட்டது. எந்தத் திண்ணை, எந்தப் பந்தி, எந்தக் கிணறு என்பவை அதைக் கொண்டே தீர்மானமாயின. இதுவன்றியும், சத்திரம் யாத்திரை போகிறவனுக்காக ஏற்பட்டது. மிராசுதாரின் நிலத்தை விட்டு அப்பாலிப்பால் நகரவொட்டாத பண்ணையாளுக்குக் காசியேது, இராமேசுவரமேது? அவன் ஊரை விட்டுப் புறப்பட்ட முதற் பிரயாணமே பலருக்குக் கடற் பிரயாணமாக முடிந்தது. அவன் போன வழியில் சத்திரமில்லை. டிப்போ இருந்தது.

சிலாங்கூரின் கரையோரத் தோட்டங்களுக்கு ஆள் வந்து சேர்ந்த வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பிருந்தே வளர்ந்து வந்த கங்காணி முறை அதன் பின் முழு ஆதிக்கம் பெற்றது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவனுக்கே லைசென்ஸ் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் ஆள் கொண்டு வா" என்று அனுப்புவது அம்முறை. அவன் போய் நிற்பது தன் தெருவில். அழைப்பது தன் மாமன் மகனையும் பக்கத்து வீட்டுக்காரனையும். அவன் வெள்ளை வேட்டியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தவர்கள் கடலுக்கப்பால் உள்ளதையும் பார்த்துவிட்டதாகவே எண்ணினார்கள். "துறையில் யார் வருவார்?" என்ற கேள்விக்கு இதைக் காட்டிலும் நல்ல விடை வேறென்ன வேண்டும்? துறையில் வந்து நிற்பது மட்டுமா? வீட்டு வாசலிலிருந்து தோட்டத்து லயம் வரை கூடவே வருகிறவன் அவன்!

ஆனால் அவனுக்கு ஒவ்வொரு தலைக்கும் கூலியுண்டு. கொண்டு வந்த ஆளுக்குக் கமிஷன். பின்பு அந்த ஆள் வேலைக்கிறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. தன் கீழ் உள்ளவன் வேறு தோட்டத்துக்குப் போனால் கங்காணிக்கு நஷ்டம். நோயென்று படுத்தாலும் நஷ்டம். ஊரில் கொடுத்த முன்பணம் கணக்கில் ஏறியிருக்கும். அக்கணக்கை எழுதப்படிக்கத் தெரியாதவன் எப்படிச் சரிபார்ப்பான்? இக்கடன் கட்டைத் தளர்த்தவே 1907, 1908ஆம் ஆண்டுகளில் முதலாளிகளிடம் வரி தண்டித் தமிழர் குடியேற்ற நிதியென்று ஒன்று ஏற்படுத்திக் கப்பற் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள். வருகிறவன் கடனின்றிக் கரையேற வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. சட்டம் வந்த பின்னும் கங்காணி போகவில்லை. கங்காணியிற் கெட்டவரும் உண்டு, நல்லவரும் உண்டு. ஒருவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. நாம் சொல்வது வேறு: வழிகாட்டியாய் வருகிறவன் தன் கூலியை யாரிடம் வாங்குகிறானோ அவருக்கே வேலை செய்வான். அவன் உறவினனாக இருப்பது அதை மாற்றிவிடாது. உறவு, கேள்வி கேட்க விடாமல் வாயை அடைக்கும், அவ்வளவே.

இரவு எங்கே படுப்பது என்ற கேள்விக்கு அன்று ஏற்பட்டிருந்த விடையையும் பாருங்கள். முதற் சில இரவுகள் சென்னையை அடுத்த ஆவடி முகாமிலோ நாகப்பட்டினத்து முகாமிலோ கழியும். அங்கே டாக்டர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், கப்பல் வருமளவும் காத்திருக்க வேண்டும். பின்பு ஐந்தாறு நாள் கப்பலின் தளம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் 1926இல் கட்டிய 'ரஜூலா' ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. அவர்களுக்குத் தனி அறை கிடையாது. பாயும் மூட்டையும் வைத்த இடமே அறை. அதன் பின் பினாங்கில் இறங்கினால் பூலாவ் ஜெரெஜாக் தீவு. போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினால் அங்குள்ள தடுப்பு முகாம். தொற்று நோய் ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகே தோட்டத்து ஆளிடம் ஒப்படைப்பு. அங்கிருந்து கிள்ளான், காப்பார் வழியாகக் கரையோரச் சாலையில் ஜெராம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து, லயத்தில் ஓர் அறையில் புகுவான்.

இவ்வளவு நீண்ட பிரயாணத்தில் ஓரிடத்திலேனும் "எங்கே தங்க விரும்புகிறாய்?" என்று அவனை எவரும் கேட்டதில்லை. அவன் வழிதவறிப் போகவுமில்லை, திருட்டு வண்டியில் ஏறவுமில்லை. அந்த அர்த்தத்தில் அது மிகவும் பத்திரமான பிரயாணந்தான். கூட்டில் அடைத்துக் கொண்டுவரப்படும் கிளிக்கும் வழியிற் பருந்து பயமில்லை.

சொந்தச் செலவில் வந்தவர் நிலை வேறு. நகரத்தார் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி வைத்திருந்தார்கள். கணக்குப் பெட்டியும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ். புதிதாய் வந்த இளைஞன் இறங்கிய அன்றே தன் இனத்தார் நடுவில் இருப்பான். ஏனைய வணிகரும் குமாஸ்தாக்களும் அவ்வாறே ஊர்ப்பெயரையும் சாதிப்பெயரையும் சொல்லி இடம் பிடித்தார்கள். சொல்லிக்கொள்ளத்தக்க பெயரில்லாதவனுக்கு அவ்வீடுகளின் கதவு திறவாது. ஆகவே அந்நாளில் ஒரு தமிழன் அயலூரில் தலைசாய்க்க வேண்டுமானால் ஒன்று யாருக்கேனும் ஆளாக இருக்க வேண்டும். அன்றேல் யாருக்கேனும் இனத்தானாக இருக்க வேண்டும். காசு கொடுத்தேன், அறை கொடு என்று வெறும் மனிதனாய்க் கேட்கும் உரிமை பெரும்பாலோர்க்கு இல்லை.

அவ்வுரிமை வந்த வரலாறு சுவையானது. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கட்டுவித்த சத்திரம் இரயிலில் வந்திறங்கிய வெளியூராருக்குப் பேருதவியாயிற்று. இரயில் வண்டிக்குச் சாதி தெரியாது என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. வண்டிக்குத் தெரியாதுதான்; ஸ்டேஷனுக்குத் தெரிந்திருந்தது. தென்னிந்திய இரயில்வே ஸ்டேஷன்களில் பிராமணர் உண்ண ஓரிடமும் மற்றவர் உண்ண வேறிடமுமாய்ப் பிரித்து வைத்திருந்தார்கள். நெடுநாட் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. ஒரே விலை கொடுத்து ஒரே வண்டியில் வந்த இருவர், காப்பி குடிக்க மட்டும் இரண்டு கதவுகளைத் தேடிய காலம் அது.

இந்தியக் குடியரசின் அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 15ஆம் பிரிவு ஹோட்டல்களிலும் உணவுச்சாலைகளிலும் எவரையும் சாதி மதம் பற்றித் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அவ்வாறு தடுப்பவரைத் தண்டனைக்குரியவராக்கிற்று. சத்திரம், தருமசாலை, ஹோட்டல் யாவும் அதற்குட்பட்டன. ஊரை விட்டுக் கப்பலேறிய பண்ணையாளின் பேரன், திரும்பி வந்து சென்னையில் ஓர் அறை கேட்கும்போது, "நீர் யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வியைக் கேட்க விடுதிக்காரருக்கு உரிமையில்லை. நாம் சாதாரணமாக எண்ணிக் கடந்து போகும் வரவேற்பு மேசையின் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

ஹோட்டல் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் அச்சொல் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையையே குறிக்கும். 1938இல் கிருஷ்ணராவ் ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் போல, உணவும் அறையும் ஒருங்கே தந்த நிலையங்களும் உண்டு. ஆனால் தெருவில் நின்று "நல்ல ஹோட்டல் எங்கே?" என்று கேட்டால் தோசை கிடைக்கும் இடத்தையே காட்டுவார்கள். படுக்க இடம் வேண்டுமானால் 'லாட்ஜ்' என்று கேட்க வேண்டும். திருவல்லிக்கேணியில் 'மேன்ஷன்' என்ற பெயரில் இருப்பவை வேலை தேடி வந்த தனியாண்கள் மாதவாடகைக்குத் தங்கும் இடங்கள். மாளிகை என்று நம்பிக் குடும்பத்துடன் போய் நிற்க வேண்டாம்.

நிற்க. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்துவிட்டது. கங்காணியின் லைசென்ஸ் அதனோடு முடிந்தது. ரஜூலா மட்டும் உறவு பார்க்கப் போகிறவரையும் வருகிறவரையும் சுமந்துகொண்டு 1973 வரை ஓடிற்று. பின்பு வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீ மூண்டு பல உயிர்கள் மாண்டன. அத்துடன் அக்கப்பற் போக்குவரத்தும் முடிவுற்றது. அதற்குள் மக்கள் விமானத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். சுபாங் விமான நிலையம் 1965இலும், சிப்பாங்கிலுள்ள பெரிய நிலையம் 1998 ஜூனிலும் திறக்கப்பட்டன. ஐந்தாறு நாட் பிரயாணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமாய்ச் சுருங்கிற்று. முகாமுமில்லை, தடுப்புமில்லை. வாயிலைக் கடந்தவுடன் பிரயாணி தனி மனிதன். அவ்விடத்தில்தான் பழைய ஆள் புதிய வேஷத்தில் நிற்கிறான்.

மலாய் மொழியில் 'ஊலாட்' என்றால் புழு. கோலாலம்பூரில் 1976இல் திறக்கப்பட்ட புடுராயா பஸ் நிலையத்தில் பிரயாணிகளைச் சூழ்ந்து, கையைப் பிடித்திழுத்து, அதிக விலைக்கு டிக்கட்டு விற்ற தரகர்களுக்கு மக்கள் இட்ட பெயர் அது. இதைக் காட்டிலும் பொருத்தமான பெயரை எந்தப் புலவரும் இட்டிருக்க முடியாது. தோட்டத்திலிருந்து முதன்முதல் தலைநகருக்கு வந்த பிள்ளைகளிடம் அவர்கள் அந்தந்த மொழியிலேயே பேசுவார்கள். "தம்பி, எந்த ஊருக்கு?" என்ற தமிழைக் கேட்டதும் நம் பிள்ளைக்கு நெஞ்சம் இளகிவிடும். அதட்டல் உருட்டல்களால் இந்தத் தொல்லை ஒழியவில்லை. 2011இல் பண்டார் தாசெக் செலாத்தானில் புதிய நிலையம் ஏற்பட்டு, எல்லாக் கம்பெனிகளின் டிக்கட்டும் ஒரே முகப்பில், விலை எழுதிய பலகையின் கீழ் விற்கத் தொடங்கிய பின்னரே தரகனுக்கு வேலை குறைந்தது. விமான நிலையத்தில் டாக்ஸிக்குக் கூப்பன் விற்பதன் இரகசியமும் அதுவே. போகும் இடத்தைச் சொல்லி முகப்பில் பணங்கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். ஓட்டுநரோடு பேரம் பேசும் இடமே இல்லை. 2002இல் ஓடத் தொடங்கிய விரைவு இரயில் 57 கிலோமீட்டர் தூரத்தை 28 நிமிடத்தில் கடந்து கே.எல். சென்ட்ரலில் விடுகிறது. 2012இல் தோன்றிய கைப்பேசி வாடகை வண்டி முறையில் கட்டணமும் வண்டி எண்ணும் ஏறுமுன்பே தெரிகின்றன. அவ்வண்டிகளை ஓட்டுவோரும் பொதுச் சேவை ஓட்டுநர் உரிமம் பெற வேண்டுமென்ற விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது.

இவை யாவும் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே. விலை முன்கூட்டி எழுதப்பட்டிருக்க வேண்டும். வண்டிக்கு எண் வேண்டும். தவறு நேர்ந்தால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் வேண்டும். இம்மூன்றும் இருந்தால் ஓட்டுகிறவர் எம்மொழியினராயினும் கவலையில்லை. இம்மூன்றும் இல்லையேல் அவர் நம் சித்தப்பா மகனாகவே இருந்தாலும் யோசிக்கத்தான் வேண்டும். எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்குச் சென்னை ஆட்டோவே சாட்சி. 2013 ஆகஸ்டில் அரசாங்கம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. சில காலம் மீட்டர் ஓடிற்று. கேட்பாரில்லாதபோது அது வண்டியின் அலங்காரப் பொருளாயிற்று. ஓட்டுநரும் ஏழைதான், பெட்ரோல் விலை ஏறியபோது எழுதிய கட்டணம் ஏறவில்லை என்பது அவர் கட்சி. அதிலும் நியாயமுண்டு. அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியவர் இரவு இரண்டு மணிக்குப் பெட்டியோடு நிற்கும் வெளியூர்ப் பெண்மணிதானா என்பதே நம் கேள்வி.

ஜெராம் தமிழர் சென்னையில் இறங்கும்போது ஒரு விசித்திரம் நேர்கிறது. பலகைகளெல்லாம் தமிழ்; பேசுவது தமிழ்; ஆகையால் சொந்த ஊருக்கு வந்துவிட்டதாக உள்ளம் துள்ளுகிறது. ஆனால் கையிலிருப்பது மலேசியக் கடவுச்சீட்டு. வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டுமென்பது இந்திய விடுதிக்காரர்கள் மேல் நெடுநாளாக விதிக்கப்பட்ட கடமை. அந்தப் பதிவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளாத சிறு விடுதிகள், "உங்களுக்கு அறையில்லை" என்று சொல்லிவிடும். "நானும் தமிழன்தானே!" என்று கோபித்துப் பயனில்லை. ஆகவே அறையை முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடையோரை ஏற்பார்களா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். முதல் இரவுக்கு மட்டும் பணங்கட்டிவிட்டு, மறுநாள் கதவின் தாழ்ப்பாளையும் குளியலறையையும் கண்ணால் பார்த்த பின் மேற்கொண்டு தங்குவதே எம் கட்சி. எந்தப் பேட்டை என்பது காரியத்தைப் பொறுத்தது. வெளியூர் இரயிலேறப் போகிறவருக்கு எழும்பூரும் பெரியமேடும் வசதி. துணியும் நகையும் வாங்கப் போகிறவருக்குத் தியாகராய நகர்.

மீனம்பாக்கத்தில் இறங்கியவருக்கு வெளியே வருமுன்பே பணங்கட்டி ஏறும் டாக்ஸி முகப்புகள் உண்டு. மெட்ரோ இரயில் 2016 செப்டம்பரில் விமான நிலையத்தைத் தொட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து அண்ணாசாலை வழியாகச் சென்ட்ரல் வரை மாறாமலே போகலாம். ஆனால் அது நள்ளிரவில் ஓடாது. பின்னிரவில் வந்திறங்கும் விமானத்தில் முதியோரையும் குழந்தைகளையும் கூட்டி வருகிறவர்கள், விடியுமளவும் நிலையத்திற்குள்ளேயே உட்கார்ந்திருப்பதிலும் வெட்கமில்லை.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் சிப்பாங்கில் விமானமேறப் போகும்போது, வந்திறங்கும் பக்கத்தில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் நம் தமிழ்நாட்டு இளைஞருமாய்த் தொழிலாளர் கூட்டம் தரையில் வரிசையாய் உட்கார்ந்திருப்பதுண்டு. தம்மை அழைத்துப்போக ஏஜெண்டு வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். எங்கே தங்கப் போகிறோம் என்பது அவர்களிற் பலர்க்குத் தெரியாது. பிறர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் வாங்கி வைத்துக்கொள்வோர் உண்டு. "ஊர்க்கார அண்ணன்தான் வேலை வாங்கித் தந்தார்" என்று அவர்களில் ஒருவன் சொல்லக் கேட்டால், ஆவடி முகாமிலிருந்து வந்தவர் பேரனாகிய நமக்கு அந்தச் சொல் புதிதாயிராது. பெட்டியை உருட்டிக்கொண்டு கடந்து போகுமுன், தொழிலாளர் இலாகாவின் முகவரியை அவன் கையில் எழுதிக் கொடுக்க ஒரு நிமிடமே ஆகும்.

ஆவடி இப்போது சென்னையின் புறநகர் ஸ்டேஷன்களில் ஒன்று. சென்ட்ரல் பக்கத்தில் தங்குகிறவர்கள், கடைத்தெருவுக்கு ஒதுக்கிய நாட்களில் ஒரு காலைப்பொழுதைப் பிரித்து அங்கே போய் வரலாம். சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்சார வண்டி அடிக்கடி புறப்படுகிறது. டிக்கட்டில் கட்டணம் அச்சிட்டிருக்கும்.